ஒரு பல்லில் தொடங்கிக் கழுத்து வரை

“பல்லில் இருக்கிற காரையை எடுக்கப்போகிறேன். கழுத்தில் எந்த இடத்தில் எந்த நெறி கட்டும் என்று நான் ஏன் மனப்பாடம் செய்யணும் மேடம்?”

டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பில் சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே இப்படிக் கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். தலை, கழுத்து உடற்கூறியல் என்ற பாடம் மண்டையோட்டின் 22 எலும்புகளில் தொடங்கும். பிறகு அவற்றின் துளைகள், தசைகள், தமனிகள், நரம்புகள் என்று நீண்டுகொண்டே போகும். பல்லுக்கு வந்து சேர்வதற்குள் படிக்கிற பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடும். உட்காருங்கள், டீ சூடாக இருக்கிறது. நிதானமாகவே பேசுவோம்.

முதலில் உங்கள் வேலையிலிருந்தே ஒரு கேள்வி கேட்கிறேன். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களின் வாயைப் பாருங்கள். காரை கெட்டியாகப் படிந்திருப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம். இன்னொன்று, மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கம். ஒழுங்காகத் துலக்குகிறவர்களுக்கும் அங்கேதான் முதலில் படியும். ஏன் அந்த இரண்டு இடம்?

விடை உடற்கூறியலில்தான் இருக்கிறது. தாடைக்குக் கீழே ஒளிந்திருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம், நாக்கடியில் நடுச் சவ்வின் இரு பக்கமும் இருக்கும் சின்ன மேடுகளில் திறக்கிறது. கீழ் முன்பற்கள் அதற்கு நேர் எதிரே. காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் சுரப்பியின் நாளம் மாசெட்டர் என்ற மெல்லும் தசையின் மேலேறி வந்து, கன்னத்துத் தசையைத் துளைத்துக்கொண்டு, மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே திறக்கிறது. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறையக் கரைந்திருக்கின்றன. நாளத்தை விட்டு வாய்க்குள் வந்ததும் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது, அமிலத்தன்மை குறைகிறது. கரைந்திருந்த உப்புகள் அதற்கு மேல் கரைந்து நிற்க முடியாமல், பக்கத்தில் இருக்கும் பல்லின் அழுக்குப் படலத்தில் இறங்கிக் கெட்டிப்படுகின்றன. அதுதான் காரை. இந்த நாளங்களில் முதலாவதை இங்கிலாந்துக்காரரான தாமஸ் வார்ட்டன் 1656இல் எழுதி வைத்தார். இரண்டாவதை டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சென் 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது கண்டார். இன்றும் அந்த நாளங்கள் அவர்கள் பெயரிலேயே வழங்குகின்றன.

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கை முதலில் எங்கே போக வேண்டும் என்று தெரியும். அதைவிட முக்கியமானது, நோயாளியிடம் பேசும் விதம் மாறும். “நீங்க துலக்குறதே இல்லையா?” என்று கேட்க மாட்டீர்கள். “இங்கேதான் எச்சில் சுரக்கிற வாய் இருக்கு, அதனால எல்லாருக்குமே இங்கே சீக்கிரம் படியும். பிரஷ்ஷை இப்படிச் செங்குத்தாப் பிடிச்சு உள்பக்கம் துலக்குங்க” என்பீர்கள். குறுகிப்போய் உட்கார்ந்திருந்த மனிதர் நிமிர்ந்து கேட்பார்.

இதனால்தான் புத்தகம் போகிற வழியிலேயே நீங்களும் போக வேண்டாம் என்கிறேன். புத்தகம் மண்டையோட்டிலிருந்து பல்லை நோக்கி வருகிறது. அது உடற்கூறியல் எழுதுகிறவர்களின் வழி. நீங்கள் பல்லிலிருந்து வெளியே புறப்படுங்கள். ஒரு பல்லைத் தேர்ந்துகொண்டு நான்கு கேள்வி கேளுங்கள். இது வலித்தால் எந்த நரம்பு சொல்கிறது? இங்கே சீழ் வைத்தால் எந்தப் பக்கம் வழியும்? எந்த நெறி கட்டும்? இந்தப் பல்லுக்கு நான் வேலை செய்ய வாய் திறந்திருக்கும்போது எந்தத் தசையும் மூட்டும் பாரம் சுமக்கின்றன? இந்த நான்குக்கும் விடை தேடிப் போகும்போது, புத்தகத்தில் இருக்கிற பெயர்களில் முக்கால்வாசி தாமாகவே வழியில் எதிர்ப்படும். அப்படி எதிர்ப்பட்ட பெயர் மறக்காது.

கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். நான் சொல்லிக்கொடுக்கும்போது எப்போதும் இதில்தான் தொடங்குவேன். ஏனென்றால் நான்கு கேள்விக்கும் கனமான விடை வைத்திருக்கிற பல் இது.

நரம்பு. முகத்தின் உணர்ச்சி பெரும்பாலும் ஐந்தாம் மூளை நரம்பான ட்ரைஜெமினலின் வேலை. அதற்கு மூன்று கிளைகள். நெற்றியும் கண் சுற்றும் முதல் கிளைக்கு, மேல்தாடை இரண்டாவதுக்கு, கீழ்த்தாடை மூன்றாவதுக்கு. மூன்றாவது கிளையிலிருந்து பிரியும் ஒரு நரம்பு தாடை எலும்பின் உட்பக்கத்துத் துளை வழியாக எலும்புக்குள்ளேயே நுழைந்து, ஒவ்வொரு பல்லின் வேருக்கும் இழை கொடுத்துக்கொண்டே முன்னால் வருகிறது. முன்கடைவாய்ப்பற்களின் வேருக்கருகே ஒரு துளை வழியாக அதன் ஒரு பகுதி வெளியே வந்து கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. பல் டாக்டர் தாடையின் பின்பக்கம் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, “உதடு தடிச்ச மாதிரி இருக்கா?” என்று கேட்பது இதற்காகத்தான். உதடு மரத்திருந்தால் பெரும்பாலும் பல்லும் மரத்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உதடு மரத்துப் பாதி நாக்கும் மரத்த பிறகும், அந்தக் கடைவாய்ப்பல்லின் கன்னப் பக்கத்து ஈறில் கருவியை வைத்தால் சிலர் துள்ளுவார்கள். நடிக்கவில்லை, பயந்தவர்களும் இல்லை. நாக்குக்கும் நாக்குப் பக்கத்து ஈறுக்கும் போகும் நரம்பு, எலும்புக்குள் போகும் நரம்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒரே ஊசியில் இரண்டும் மரத்துவிடும். கன்னப் பக்கத்து ஈறுக்கு வருவதோ வேறொரு கிளை. பக்கல் நரம்பு என்று பெயர். அது முன்கூட்டியே பிரிந்து தனி வழியில் வருகிறது. அதற்குத் தனியாக மருந்து வைக்க வேண்டும். இது தெரிந்த ஹைஜீனிஸ்ட், “பொறுத்துக்குங்க” என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடர மாட்டாள். நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுவாள்.

நம் நாட்டில் ஊசி போடுவது உங்கள் வேலை இல்லை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் ஹைஜீனிஸ்ட் என்பவர் யார் என்று சொல்லும்போது காரை எடுத்தல், பல்லைச் சுத்தம் செய்தல், மெருகேற்றுதல், வாய்ச் சுகாதாரம் பற்றிச் சொல்லிக்கொடுத்தல் ஆகியவற்றைத்தான் குறிப்பிட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1971லேயே ஹைஜீனிஸ்ட்கள் ஊசி போட அனுமதித்தது. இப்போது அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அது வழக்கம். அங்கே படிக்கிற பிள்ளைக்கு நரம்பின் பாதையைப் பிசகில்லாமல் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய கட்டாயம் உண்டு. ஊசி கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போய்விட்டால் மருந்து பரோட்டிட் சுரப்பிக்குள் இறங்கும். அந்தச் சுரப்பிக்குள்தான் முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு ஐந்தாகக் கிளை பிரிகிறது. நோயாளிக்குச் சில மணி நேரம் ஒரு பக்க முகம் தொய்ந்து, கண் இமை மூடாமல் நிற்கும். ஊசி போடாத நமக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். ஊசி போட்டுவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போன பிறகு நோயாளியின் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான். கண் மூடவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டியதும் நீங்கள்தான். வீட்டுக்குப் புறப்படும்போது “மரத்தது தெளியுற வரைக்கும் சூடா டீ, காபி குடிக்காதீங்க, உதட்டைக் கடிச்சுக்காதீங்க” என்று சொல்லி அனுப்ப வேண்டியவரும் நீங்கள்தான். குழந்தைகள் விஷயத்தில் இதை அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். மரத்த உதட்டைக் குழந்தை மென்று புண்ணாக்கிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

ட்ரைஜெமினலின் அதே மூன்றாவது கிளை காதுக்கு முன்பக்கத்துக்கும் ஒரு நரம்பை அனுப்புகிறது. அதனால் கீழ்க் கடைவாய்ப்பல் கெட்டால் காது வலிக்கிறது என்று வருவார்கள். எந்தப் பல் என்று கேட்டால் மேலேயா கீழேயா என்றே சிலருக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு தாடைச் செய்தியும் ஒரே நரம்பின் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, இடம் குழம்பிவிடுகிறது. நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்துக்கு மட்டும் பல்வலி பெரும்பாலும் மாறாது. பல்லிலும் ஈறிலும் ஒரு குறையும் தெரியாமல், நடந்தால் படியேறினால் இடது தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சொன்னால், கருவியைக் கீழே வையுங்கள். இதய வலி தாடையில் தெரிவது உண்டு. அவரை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, சீழ் எந்தப் பக்கம் வழியும்? இதற்கு வாயின் அடித்தளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்த்தாடையின் உட்பக்கம் ஒரு சாய்ந்த வரம்பு ஓடுகிறது. அந்த வரம்பில் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, தொட்டில் கட்டின தூளி தொங்குவதைப்போல ஒரு தசை விரிந்திருக்கிறது. மைலோஹையாய்டு என்று பெயர். நாக்கு அந்தத் தூளியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூளிக்கு மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி. வரம்பு முன்னால் தாழ்ந்தும் பின்னால் போகப் போக உயர்ந்தும் இருப்பதால், முன்கடைவாய்ப்பற்கள், முதல் கடைவாய்ப்பல் ஆகியவற்றின் வேர் நுனி பெரும்பாலும் தசைக்கு மேலே நிற்கும். இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர் நுனி தசைக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் முதல் பல்லில் சீழ் வைத்து உட்பக்கம் உடைத்துக்கொண்டால் வீக்கம் வாய்க்குள், நாக்கடியில் தெரியும். இரண்டாம் பல்லில் வைத்தால் வெளியே, தாடைக்குக் கீழே கழுத்தில் வீங்கும். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு பற்கள், அவற்றின் சீழ் போகும் வழி மட்டும் இவ்வளவு வேறு.

இதில் தெரிந்தே ஆக வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836இல் விவரித்த நோய். இன்று லுட்விக் ஆஞ்சைனா என்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கீழ்க் கடைவாய்ப்பல்லில் தொடங்கும் தொற்று தசையின் கீழும் மேலும், இடமும் வலமும் பரவி, வாயின் அடித்தளம் முழுவதும் இறுகிப்போகும். நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்படும். மூச்சுப்பாதை அடைபடும். கீழ்த்தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல்லாக இறுகிய வீக்கம், காய்ச்சல், எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிடுதல், குழறும் பேச்சு, மல்லாந்து படுக்க முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருத்தல் இவற்றோடு ஒருவர் வந்தால், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்கிற நேரம் அதுவல்ல. அவர் அன்றே, அப்போதே, பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வரவேற்பு மேசையில் நீங்கள் இருந்தாலும் இதை நீங்களே சொல்லலாம். சொல்ல வேண்டும். பல்வலி தானே என்று பொறுத்துக்கொண்டு, மெடிக்கலில் கேட்டு ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிற மக்கள் நம்மிடம் அதிகம். அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வருகிறபோது, கழுத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மூன்றாவது கேள்விக்கு விரல்களைப் பழக்க வேண்டும். டீ டம்ளரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். தலையைச் சற்றுக் குனியுங்கள். விரல் நுனிகளை வளைத்துத் தாடைக்குக் கீழே நுழைத்து, அங்குள்ள சதையை எலும்பின் விளிம்பை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். மென்மையாகத் தட்டுப்படுவது உமிழ்நீர்ச் சுரப்பி. அதைச் சுற்றித்தான் நிணநீர்க் கணுக்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது அவை பெரும்பாலும் கைக்குத் தெரியாது. மோவாய்க்கு நேர் கீழே இருப்பவை கீழ் முன்பற்கள், நாக்கு நுனி, கீழ் உதட்டின் நடுப்பகுதி ஆகியவற்றின் நிணநீரை வாங்குபவை. தாடைக்கு அடியில் பக்கவாட்டில் இருப்பவை மற்றப் பெரும்பாலான பற்களுக்கு. நம் இரண்டாம் கடைவாய்ப்பல்லும் இங்கேதான் வடிகிறது. இவை எல்லாமே பிறகு கழுத்தின் பக்கவாட்டில் ஆழமாக இருக்கும் கணுக்களுக்குப் போய்ச் சேரும்.

அந்த ஆழ்ந்த கணுக்களைத் தேடத் தலையை ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை சாய்வாக ஒரு தசை புடைத்து நிற்கும். தசையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் விரல்களை மேலிருந்து கீழாக நடத்துங்கள். சளி பிடித்த குழந்தைக்குத் தாடைக் கோணத்துக்குக் கீழே கட்டியாகத் தெரிகிறதே, வீட்டில் “நெறி கட்டியிருக்கு” என்போமே, அது இந்தத் தசையின் முன்விளிம்பில் டான்சிலின் நிணநீரை வாங்குகிற கணு. தொற்றால் பெருத்த கணு தொட்டால் வலிக்கும், விரலுக்கு நகரும். வலியே இல்லாமல், கெட்டியாக, அடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிற கணுவைக் கண்டுதான் பயப்பட வேண்டும். வலி இல்லையே என்று நோயாளி நிம்மதியாக இருப்பார். நீங்கள் நிம்மதியாக இருக்கக் கூடாது.

இந்தியாவில் வாய்ப் புற்றுநோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலையோடு புகையிலை வைத்து அடக்கிக்கொள்கிற பாட்டிகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து, அந்த அறிக்கை 2004இல் வெளியானது. நம் மக்களிடம் அடக்குகிற இடம் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம். அதனால் அங்கேயே புண் தோன்றுவது இங்கே அதிகம். நாக்கின் பக்கவாட்டு விளிம்பும் நாக்கடியும் அடுத்தபடி கவனிக்க வேண்டியவை. நாக்கு நுனியைப் பஞ்சுத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, இரு பக்கமும் கடைசி வரை பாருங்கள். வாயின் அடித்தளத்தை ஒரு கை விரல் உள்ளே, இன்னொரு கை வெளியே வைத்து நடுவில் தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ தேய்த்தாலும் போகாத திட்டு எது தென்பட்டாலும் இடத்தையும் அளவையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். என்ன நோய் என்று பெயர் வைப்பது அவர் பொறுப்பு. கண்டுபிடித்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவருடைய வாயை முழுவதுமாக நிதானமாகப் பார்க்கிறவர் வேறு யாரும் இல்லை.

இவ்வளவு பார்க்கும்போது நோய் இல்லாததையும் நோய் என்று எண்ணிப் பதறக் கூடாது. கன்னத்தின் உட்புறம் மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே இருக்கும் சின்னச் சதைமேடு பரோட்டிட் நாளத்தின் வாய். நாக்கின் பின்பகுதியில் அம்புமுனை வடிவில் வரிசையாக இருக்கும் பெரிய மொட்டுகளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று தூக்கம் கெட்டு வருகிறவர்கள் உண்டு. அவை சுவை மொட்டுகள் அடங்கிய இயல்பான மேடுகள், எல்லோருக்கும் இருக்கும். மேல் அண்ணத்தின் நடுவில் கடினமான எலும்புப் புடைப்பு இருப்பது சிலருக்கு இயல்பு. எக்ஸ்ரேயில் கீழ் முன்கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் கருப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் சீழ்ப்பை என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு சொன்ன நரம்பு உதட்டுக்கு வெளியே வரும் துளையாகவும் அது இருக்கலாம். கோணத்தை மாற்றிப் படமெடுத்தால் துளை வேரை விட்டு நகர்ந்து தெரியும்.

நான்காவது, மூட்டும் தசையும். இரண்டு விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறங்கள். முதலில் எலும்பின் தலை இருந்த இடத்திலேயே சுழலும். அப்புறம் முன்னால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரே மூட்டுக்குள் இரண்டு வகை அசைவு. நடுவில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டின் கீழே சுழற்சி, மேலே வழுக்கல். சிலருக்கு ‘டக்’ என்று சத்தம் கேட்கும். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மாசெட்டர், நெற்றிப்பொட்டில் புடைப்பது டெம்போராலிஸ். இன்னும் இரண்டு தசைகள் உள்ளே இருக்கின்றன, வெளியிலிருந்து கைக்கு எட்டாது. கடைவாய்ப்பல்லில் நீங்கள் வெகுநேரம் வேலை செய்யும்போது அண்ணாந்து வாயைப் பிளந்து வைத்திருக்கிறவருக்கு, அந்த எலும்பின் தலை முன்னால் இருக்கும் மேட்டைத் தாண்டிப் போய் அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். தாடை பிசகி வாய் மூடாமல் போவது அப்படித்தான். அடிக்கடி மூடி இளைப்பாறச் சொல்லுங்கள். உங்கள் மறு கையால் தாடையைத் தாங்கிப் பிடியுங்கள்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. அவரவர் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைக்க முடிந்தால் இயல்பு. ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீட்டர். இளைஞர் ஒருவருக்கு இரண்டு விரல்கூட நுழையவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உள்தோல் வெளுத்து நார்நாராக விரலுக்குத் தட்டுப்படுகிறது என்றால், பாக்கு போடுகிறாரா என்று தனியாகக் கேளுங்கள். அம்மா அப்பா முன்னால் கேட்டால் உண்மை வராது.

இப்போது டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மிடறு குடித்து விழுங்கும்போது விரலைத் தொண்டையின் முன்பக்கம் வைத்திருங்கள். குரல்வளை மேலேறி இறங்குகிறது. அதற்கு மேலே இருக்கும் சின்ன எலும்பு ஹையாய்டு. வேறெந்த எலும்போடும் மூட்டு இல்லாத ஒரே எலும்பு அது. நம் தூளித் தசையின் பின்முனை அதில்தான் கட்டியிருக்கிறது. தைராய்டு சுரப்பியும் விழுங்கும்போது மேலேறும். கழுத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டி, விழுங்கும்போது கூடவே ஏறினால் அது தைராய்டைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏறாவிட்டால் வேறு.

தன் முகத்தைத் தானே தொட்டுப் படிக்கிறதைப் படிப்பு என்று பிள்ளைகள் முதலில் ஏற்றுக்கொள்வதில்லை. புத்தகத்தை அடிக்கோடிட்டால்தான் படித்ததாகத் திருப்தி. ஆனால் உடற்கூறியலின் சரித்திரமே கண்ணால் பார்த்துப் புத்தகத்தைத் திருத்திய சரித்திரம். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கிரேக்க மருத்துவர் கேலன் எழுதினார். அவர் அறுத்துப் பார்த்தது மிருகங்களை. அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் எல்லோரும் ஒப்பித்தார்கள். 1543இல் வெளியான தன் நூலில் வெசேலியஸ், மனிதனுக்கு அது ஒரே எலும்பு என்று காட்டினார். பிறந்த குழந்தைக்கு இரு பாதியாக இருந்து, ஏறத்தாழ முதல் வயதுக்குள் மோவாயில் ஒட்டிக்கொள்கிறது. 1858இல் வந்த கிரேயின் உடற்கூறியல் நூல் உங்களுக்குத் தெரியும். அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். அவர் அந்த வருடமே இந்தியாவுக்கு வந்து பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். நம் மதுரையின் பெயரைத் தாங்கிய மதுரைப் பாதம் என்ற பூஞ்சை நோயை ஆராய்ந்து 1874இல் நூலும் எழுதினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூறியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆகவே இது நமக்கு எட்டாத படிப்பு என்று யாரும் மலைக்க வேண்டாம். உங்கள் தொழிலுக்கும் ஒரு பரம்பரை உண்டு. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு 1906இல் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913இல் முதல் பள்ளியைத் தொடங்கினார். உலகின் முதல் ஹைஜீனிஸ்ட் அந்த ஐரீன்தான். இன்று பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் தலை, கழுத்து உடற்கூறியல் பாடநூல் ஒன்றை எழுதிய இருவரில் ஒருவரான மார்கரெட் ஃபேரன்பாக்கும் ஒரு ஹைஜீனிஸ்ட்.

அடுத்து மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொண்டு இதே நான்கு கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள். தொடங்குவதற்கு மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். நரம்பு இங்கே ஒன்றல்ல. பின்பக்க வேர்களுக்கு ஒரு கிளை, கன்னப் பக்கத்து முன் வேருக்குச் சிலரிடம் வேறொரு கிளை, அண்ணத்து ஈறுக்கு மூன்றாவது ஒன்று. சீழ் கன்னத்துக்குப் போகலாம், மேலே இருக்கும் சைனஸ் அறைக்கும் போகலாம். வேர் நுனிக்கும் அந்த அறைக்கும் நடுவே சிலருக்கு மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே இருக்கும். அதனால் வழி மறுபக்கமும் திறந்திருக்கிறது. சளி பிடித்து சைனஸ் அடைத்தவருக்கு மேல் கடைவாய்ப்பற்கள் இரண்டு மூன்று சேர்ந்து வலிக்கும். குனிந்தால் வலி கூடும். ஒரே பல்லைத் தட்டினால் மட்டும் சுள்ளென்று வலிக்கிறதா, வரிசையாக எல்லாம் மந்தமாக வலிக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு டாக்டரிடம் கொடுங்கள். மண்டையோடு கல்லூரி அலமாரியில் இருக்கும். கேட்டு வாங்கி, அந்த அறையின் அடித்தளத்தில் வேர்கள் முட்டிக்கொண்டு நிற்கிற மேடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நாளைக்கு வாருங்கள். எந்த நெறி கட்டும் என்று நான் கேட்பேன்.